குழியில் விழுந்த நான்கு மெயில்கள்

வெரோனிகாவுக்கு நாயென்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், இடி என்றால் பயம். போர்ட் கிள்ளானில் எங்கள் ஆபீசுக்கு முன்னால் கண்டெய்னர் லோரிகள் போகும் சாலையைக் கடக்க என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், நகம் பதியும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், அதுவும் ரயில்வேயில் முப்பது வருடம் கார்டு வேலை பார்த்தவரின் மகள், ரயில் கதவுப் பக்கம் நிற்க மாட்டாள். அவள் பயப்படாத ஒரே பொருள் கம்ப்யூட்டர். 1998ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமையோடு அந்தத் தைரியமும் போயிற்று. அன்று நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

என் பெயர் குணபூசணி. அதே கப்பல் ஏஜென்சியில் பத்திரங்கள் தயாரிக்கும் பிரிவில் பதினாறு வருடம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அண்ணன்மார் எல்லாம் அரசாங்க உத்தியோகம், நான் மட்டும் தனியார் கம்பெனியில் குமாஸ்தா என்று கல்யாண வீடுகளில் இன்னமும் என்னைக் குத்திக்காட்டுவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வெரோனிகா எங்களிடம் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். டெலக்ஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன அன்று, தன்னையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள் என்று கழிவறையில் நின்று அழுதாள். அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. கிடங்கில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதன் முன்னால் கழித்தாள். ஒருநாள் மேனேஜர் இராமலிங்கத்தை அழைத்து, ஆபீசில் இருபத்திரண்டு பேருக்கும் சொந்தமாக மெயில் முகவரி தயார் என்றாள். வெளியே யாருக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை. எல்லா மெயிலும் அவள் மேசைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். அவளைத் தவிர வேறு யாருக்கும் அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. அன்று எங்களுக்கு அது பெருமையாக இருந்தது.

அவளுடைய தம்பி மாரிஸும் எங்கள் கம்பெனிதான். ஜகார்த்தா துறைமுகத்தில் எங்கள் ஆளாக ஆறு மாதத்துக்கு முன் அனுப்பப்பட்டவன். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. அவனுக்கும் நாய் பயம். அனுப்பும்போது அம்மா சாந்தமேரி ஆபீசுக்கே வந்து இராமலிங்கத்திடம், "பையன் பயந்தவன் சார், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். முப்பது வயதுப் பையன்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் ஆபீசுக்குள் ஒரு சங்கிலிக் கடிதம் புகுந்தது. யாருமற்றவர்களுக்கும் கைவிடப்பட்ட காரியங்களுக்கும் துணை நிற்கும் புனித யூதாவின் பெயரில் வந்த மெயில். மேலே ஒரு சின்ன ஜெபம்; கீழே, இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாமல் சங்கிலியை அறுத்தால் ஒன்பதாம் நாள் வீட்டில் ஓர் ஆளை இழப்பாய் என்று மிரட்டல். மணிலாவில் யாரோ ஒருவன் சிரித்தானாம், ஒன்பதாம் நாள் என்னவோ ஆனதாம். வெரோனிகா கத்தோலிக்கர். நான் கந்தசாமி கோயிலுக்குப் போகிறவள். ஆனால் பயத்துக்கு மதம் உண்டா? நானும் பதினொரு பேருக்கு அனுப்பினேன். அந்தப் பதினொரு பேரும் அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் பெட்டி நிரம்பி, கப்பல் பத்திரங்கள் வராமல் நின்றுவிட்டன.

வெரோனிகா கோபித்துக்கொண்டு எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு ஃபில்டர் எழுதினாள். மெயில் வந்ததும் அதை ஒரு சின்ன விதி படித்துப் பார்க்கும். உள்ளே புனித யூதாவின் பெயர் இருந்தால் யார் கண்ணிலும் காட்டாமல் வீசிவிடும். வீசும் இடத்துக்கு லினக்ஸில் ஒரு பெயர் உண்டாம், டெவ் நல். குப்பைத் தொட்டி என்றாலாவது கிளறி எடுக்கலாம். அது அடியில்லாத குழி, போட்டது போட்டதுதான் என்று அவளே சொன்னாள்.

"சாமி பேர குழியில போடுறியேலா, உனக்கு பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இது சாமி இல்லக்கா, குப்ப. சங்கிலிய அறுத்தாச்சு. ஒம்போது நாள் கழிச்சு நான் உசுரோட இருக்கேனான்னு வந்து பாருங்க" என்று சிரித்தாள். அன்று மே ஆறாம் தேதி, புதன்கிழமை. அவள் எதையும் துணிச்சலாகச் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் ஜகார்த்தாவில் கலவரம் வெடித்தது. டிவியில் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை மத்தியானத்திலிருந்து மாரிஸின் வீட்டு நம்பரும் ஆபீஸ் நம்பரும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு லைன் முழுக்க நெரிசல்; சுழற்றிச் சுழற்றி விரல் வலித்ததுதான் மிச்சம். வெரோனிகா அவனுடைய முகவரிக்கு மணிக்கொரு மெயில் அனுப்பினாள். அதைப் படிக்க அவன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும், போக முடிந்ததா என்று யாருக்குத் தெரியும்? ஒரு பதிலும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. எங்கள் ஏஜென்சி கவனிக்கும் கப்பல் ஒன்று ஜகார்த்தா துறைமுகத்தில் நின்றிருந்தது. அதில் சாட்டிலைட் போன் உண்டு. அங்குள்ள எங்கள் ஏஜெண்ட் தங்கரத்தினம் உயிருக்குப் பயந்து கப்பலிலேயே போய் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை அவர் இராமலிங்கத்திடம் சொன்னது இதுதான்: சாயங்காலம் கப்பல் புறப்படுகிறது. ஊருக்குள் போய்வர ஒரு காரும் துணைக்கு இரண்டு காவலர்களும் கிடைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான். நம் நேரம் நாலு மணிக்குக் கார் கிளம்பும். மாரிஸின் வீட்டுக்கு முதல் நாளே ஆள் அனுப்பிப் பார்த்தாயிற்று, பூட்டிக் கிடக்கிறது. எங்கே இருக்கிறான் என்று நாலு மணிக்குள் சொன்னால் கூட்டி வரலாம். சொல்லாவிட்டால் கார் போகாது.

வெரோனிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் வாங்கிக் கொடுத்த கோப்பி ஆடை படிந்து கிடந்தது.

"மெஷின் சரியா இருக்கா பாரேன்" என்றேன்.

"என் மெஷின குத்தம் சொல்லாதீங்கக்கா." தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிக் காட்டினாள். வந்தது. சிங்கப்பூரிலிருந்து வேறொன்று, அதுவும் வந்தது. "பாத்தீங்களா? அவன் எழுதல. எழுத முடியாத எடத்துல இருக்கான்."

பதினொன்றரைக்கு வெரோனிகாவின் அம்மா போன் செய்தார். வெரோனிகா திரையை விட்டுத் திரும்பாததால் நான்தான் எடுத்தேன்.

"குணா, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"இன்னும் இல்லம்மா. தெரிஞ்சதும் அடிக்கிறோம்."

"நான் யூதா சாமிகிட்ட விடாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவனும் கேப்பான். சின்னதுலேர்ந்து நான் சொல்லிக் குடுத்தது. பயமா இருந்தா மொத அவர் பேரத்தான் எழுதணும்னு. பரீட்ச பேப்பர்ல கூட ரெண்டு புள்ளைங்களும் அவர் பேர மேல எழுதிட்டுத்தான் பதில் எழுதும்."

நான் அதை அப்படியே வெரோனிகாவிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கையையும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னலா? என்ன ஆச்சு?"

"மத்த நாள்ல எழுத மாட்டான்க்கா. வேல மெயில்ல எல்லாம் எழுத மாட்டான். பயந்தாதான் எழுதுவான்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக அவன் அனுப்பிய மெயில் எல்லாம் ஒழுங்காக வந்தது. அவன் பயந்து எழுதும் மெயிலை மட்டும் பார்த்து எடுத்துக் குழியில் போட இவளே ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறாள்.

ஃபில்டர் தான் செய்வதையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். யார் அனுப்பியது, என்ன தலைப்பு, எங்கே போட்டது, எத்தனை எழுத்து. இவ்வளவுதான், உள்ளே என்ன இருந்தது என்று எழுதாது. வெரோனிகா அதைப் புள்ளிப் பிரிண்டரில் அடித்தாள். பக்கம் பக்கமாகச் சங்கிலிக் கடிதங்கள். நடுவே யாரோ முன்பின் தெரியாத ஓர் இந்தோனேசியப் பெயரிலிருந்து நான்கு மெயில்கள். புதன் மாலை: "மாரிஸ், பக்கத்து வீட்டு மெயிலிலிருந்து." வியாழன் காலை: "பதில் இல்லையே, கிடைக்கிறதா?" வியாழன் மாலை: "வீட்டை விட்டுப் போகிறோம், முகவரி உள்ளே." வெள்ளி காலை: "மறுபடி மாறிவிட்டோம், புது முகவரி உள்ளே." நான்குக்கும் எதிரே, எங்கே போட்டது என்ற இடத்தில், டெவ் நல்.

முகவரி உள்ளே. அந்த உள்ளேதான் குழிக்குள் போய்விட்டது.

நான் தேதியை விரல் விட்டு எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம். மே ஆறு புதன், அதிலிருந்து ஒன்பதாம் நாள் இந்த வெள்ளிக்கிழமை. வெரோனிகா என் விரலைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் அந்தக் கடிதத்தை முழுசாக நம்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவள் முதலில் ஃபில்டரை அழித்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் அந்த முகவரிக்கு ஒரு வரி அனுப்பினாள்: மெயில் கிடைக்கவில்லை, முகவரியை மறுபடி அனுப்பு. பன்னிரண்டேகால் வரை காத்திருந்தோம். அவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள், எப்போது இன்னொரு போன் லைனைக் கண்டு மெயிலைத் திறப்பார்கள் என்று யார் சொல்வது?

இராமலிங்கம் வந்து நின்றார். "ஏதாவது நியூஸ் உண்டா?"

நான் முந்திக்கொண்டேன். "லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு போஸ்." எனக்கு அவளைக் காப்பாற்றவேண்டும் போலிருந்தது. அதைவிட, நானும் அந்தக் கடிதத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பியவள் என்பதும் மனதில் இருந்தது.

வெரோனிகா எழுந்து நின்றாள். "இல்ல சார். நாலு மெயில் வந்துச்சு. முகவரியோட வந்துச்சு. நான் எழுதுன ஃபில்டர் எல்லாத்தையும் அழிச்சிருச்சு."

இராமலிங்கம் கோபக்காரர். ஒரு கண்டெய்னர் எண் தப்பானால் மாடி முழுக்கக் கேட்கும். அன்று அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு மேலும் பயமாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடுக்க முடியுமா?"

"முடியுமான்னு தெரியல சார். ஒரு வழி இருக்கு. ஆனா அதுக்கு மெஷின நிறுத்தணும்."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வந்த மெயிலைக் குழியில் போடுவதற்கு முன்னால் பெட்டி அதை ஒரு கணம் தன் டிஸ்க்கில் எழுதி வைக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். பெயரைத்தான் அடிக்கும், எழுத்து அங்கேயே கிடக்கும், அதே இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை பச்சையாகத் தேடினால் அகப்படலாம். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் புது மெயில்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. எது மாரிஸின் முகவரி மேல் உட்காரும் என்று தெரியாது.

"அப்ப நிறுத்து" என்றேன்.

"நிறுத்துனா, இப்ப அவன் திருப்பி அனுப்புனா அதுவும் உள்ள வராதுக்கா. அனுப்புன எடத்துலேயே நிக்கும். திரும்ப எப்ப தட்டிப் பாக்கும்னு சொல்ல முடியாது."

திறந்து வைத்தால் பழையது அழியும். மூடினால் புதியது வராது. தம்பியின் உயிர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள்தான் சொல்லவேண்டும். லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவள். பத்து விநாடி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, மேசைக்குப் பின்னால் இருந்த லைன் கேபிளைப் பிடுங்கினாள்.

ஒரு டிஸ்க்கெட்டைப் போட்டுப் பெட்டியை மறுபடி கிளப்பினாள், டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாத விதமாக. தேடவேண்டிய சொல்லை அடித்தாள். வேறு என்ன சொல் இருக்கிறது? புனித யூதாவின் பெயர்தான். அவள் விரல் அந்த எழுத்துகளைத் தப்பாக அடித்தது, அழித்து மறுபடி அடித்தாள்.

வரத் தொடங்கியது. மாரிஸ் அல்ல, அந்தச் சங்கிலிக் கடிதங்கள். அழிந்துவிட்டதாக நினைத்த நூற்றுக்கணக்கான கடிதங்கள், ஒன்றின்பின் ஒன்றாக. ஒன்பதாம் நாள் இழப்பாய். ஒன்பதாம் நாள் இழப்பாய். மணிலாவில் ஒருவன் சிரித்தான். பச்சை எழுத்தில், கறுப்புத் திரையில், அவள் விசைக் கட்டையைத் தட்டத் தட்ட மேலே ஏறிக்கொண்டே போயிற்று. எதையும் விடாமல் படித்தாகவேண்டும், ஏனென்றால் எந்த ஜெபத்துக்குக் கீழே அவன் இருப்பான் என்று தெரியாது. ஒரு கடிதத்தின் கடைசியில் என் பெயரே இருந்தது, நான் அனுப்பிய பதினொன்றில் ஒன்று. வெரோனிகா அதையும் படித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மணி ஆயிற்று. அந்தப் பழைய பெட்டி ஆமை வேகம். இரண்டு மணி. அம்மா இரண்டு தடவை போன் செய்தார், இரண்டு தடவையும் பொய் சொன்னேன். இரண்டே காலுக்கு வெரோனிகாவின் கை கட்டை மேல் அப்படியே நின்றது.

இந்தத் தடவை சாமி பெயருக்குக் கீழே மிரட்டல் இல்லை. "அக்கா, நான் மாரிஸ். நல்லா இருக்கேன். போன் வேலை செய்யல. அம்மாகிட்ட டிவி பாக்க வேணாம்னு சொல்லு" என்று ஆங்கிலத்தில் இருந்தது. முதல் மெயில். முகவரி இல்லை. அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கட்டையைத் தட்டினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே படித்தேன்.

இரண்டாவது அகப்படவேயில்லை. அதன் மேல் யாருடைய கடிதமோ உட்கார்ந்துவிட்டது. இரண்டே முக்காலுக்கு ஒரு முகவரி வந்தது: ஒரு தையற்கடைக்குப் பின்னால், மாடி வீடு, பின்கதவைத் தட்டவும். நான் துள்ளிவிட்டேன். "கெடச்சிருச்சுலா! போஸக் கூப்புடு!"

"இருங்கக்கா. இது மூணாவதா நாலாவதா?"

மெயிலின் உடம்பு வேறு, தலை வேறு என்று அந்தப் பெட்டி தனித்தனியாக எழுதுமாம். தேதியும் நேரமும் தலைப்பும் தலையில் இருக்கும். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தலை இல்லாத உடம்புகள். பத்து நிமிடத்தில் இன்னொரு உடம்பும் கிடைத்தது: ஒரு தேவாலயப் பள்ளிக்கூடம், அதன் பின்னால் காவல்காரர் வீடு, நாங்கள் ஐந்து பேர், குழந்தை இருக்கிறது, சத்தமாகக் கூப்பிட வேண்டாம். இரண்டு முகவரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருக்கிறார்கள். எதிலிருந்து எதற்கு? கார் ஒரே தடவைதான் போகும்.

மூன்று மணி பத்து நிமிடம். இராமலிங்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"தேவாலயமாத்தான் இருக்கும். பயந்தவங்க கடைசியா அங்கதான் போவாங்க" என்றேன் நான்.

"ஊகிச்சு சொல்ல மாட்டேன்க்கா. இன்னிக்கு ஊகிச்சு எதையும் சொல்ல மாட்டேன்."

அவள் பிரிண்டர் தாளை இழுத்து வைத்தாள். குறிப்பில் எத்தனை எழுத்து என்று இருந்ததல்லவா? மூன்றாவது மெயில் நான்காவதைவிடப் பெரிது. முதல் மெயிலின் உடம்பு கையில் இருக்கிறது. மொத்த எண்ணிலிருந்து அதைக் கழித்தால் தலையின் நீளம் தெரியும். நான்குக்கும் தலை ஏறக்குறைய ஒரே நீளம், தலைப்பு வரியில் மட்டும் சில எழுத்து கூடக் குறைய. அதையும் விரலால் எண்ணினாள். பென்சிலால் கூட்டினாள். என்னையும் தனியாகக் கூட்டச் சொன்னாள். அவசரத்தில் எனக்கு எட்டு ஆறாகத் தெரிந்தது. இரண்டு முறை கூட்டினோம். தேவாலயப் பள்ளி மூன்றாவது. தையற்கடை நான்காவது. என் ஊகத்தைக் கேட்டிருந்தால் கார் காலி வீட்டுக்குப் போயிருக்கும்.

"தையற்கடைக்குப் பின்னால மாடி வீடு சார். பின்கதவு."

"நிச்சயமா?"

அவள் பென்சில் கணக்கை இன்னொரு தடவை பார்த்தாள். "கணக்கு அப்படித்தான் சொல்லுது சார்" என்றாள். இராமலிங்கம் கப்பலுக்குப் போன் போட்டு எழுத்தெழுத்தாக முகவரியைச் சொன்னார். அங்கே தங்கரத்தினம் திருப்பிப் படித்தார். மணி மூன்றே முக்கால்.

அதன்பின் வெரோனிகா பெட்டியைச் சாதாரணமாகக் கிளப்பிக் கேபிளைச் செருகினாள். வெளியே காத்துக்கிடந்த மெயில்கள் வரிசையாக உள்ளே வந்தன. நாலரைக்கு ஒரு மெயில் வந்தது, அதே பக்கத்து வீட்டுப் பெயரிலிருந்து. மத்தியானம் ஒன்றேகாலுக்கு எழுதியது. நாங்கள் கேபிளைப் பிடுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத நேரம். அவள் அனுப்பிய வரியை அவன் பார்க்கவில்லை என்பது படித்ததுமே தெரிந்தது.

"அக்கா, இதற்கு மேல் எழுத முடியாது. இந்த வீட்டு லைனையும் வெட்டிவிடுவார்கள் என்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள். நான் சாப்பிட்டேன் என்று சொல்." அவ்வளவுதான். எந்த வீடு என்று இல்லை. மறுபடி மாறினார்களா என்று இல்லை.

வெரோனிகா திரையின் மேல் விளிம்பை விரலால் தொட்டாள். "மேல ஒண்ணுமே எழுதல பாருங்க."

"என்ன எழுதல?"

"சாமி பேர். இத மட்டும் என் ஃபில்டர் விட்டிருக்கும்."

கார் போய்விட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அன்றைக்குப் பெரிய பயம். அதுவரை கைக்கு வேலை இருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் என் வீட்டுக்காரரிடம் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை. ஆறு. அவள் ஒருமுறை, "கூட்டல் தப்பா இருந்தா?" என்று கேட்டாள். நான் மறுபடி அந்தத் தாளை எடுத்துக் கூட்டினேன். சரியாக வந்தது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆறே முக்காலுக்கு இராமலிங்கம் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "ஏத்தியாச்சு! கப்பல்ல ஏத்தியாச்சு! பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் சேத்து!"

வெரோனிகா சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, "இருக்கான்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

திங்கட்கிழமை காலை கப்பல் வந்தது. குடிநுழைவு வேலையெல்லாம் முடிந்து மாரிஸ் துறைமுக வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தபோது, அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாருடையதோ சட்டை, தோளில் நிற்காமல் தொங்கியது. அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. என் காரில்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். பின்னிருக்கையில் அம்மா நடுவில், அக்கா ஒருபுறம், தம்பி ஒருபுறம்.

கிள்ளான் ஊரைத் தாண்டும்வரை அம்மாதான் பேசினார். பிறகு வெரோனிகா கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அவளால் முடியாது.

"கடைசி மெயில்ல ஏன்டா மேல ஒண்ணும் எழுதல?"

மாரிஸ் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "நாலு வாட்டி சாமிக்கும் உனக்கும் சேத்து எழுதுனேன்க்கா. ரெண்டு பேருமே பதில் போடல. அஞ்சாவது வாட்டி உனக்கு மட்டும் எழுதுனேன்."

கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. பொய் சொல்ல அவளுக்கு அருமையான இடம். லைன் கெட்டிருந்தது என்றால் முடிந்தது, நானும் தலையாட்டியிருப்பேன்.

"அந்த நாலும் வந்துச்சுடா" என்றாள். "ஆபீஸ்ல யூதா சாமி பேர்ல குப்ப மெயிலா வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பேர் இருந்தா தூக்கி வீசச் சொல்லி நான் எழுதி வெச்சிருந்தேன். உன்னோடதையும் வீசிருச்சு. நான்தான்டா வீசுனேன்."

மாரிஸ் திரும்பி அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், அழுவான் என்றும் நினைத்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினார். மெயில், ஃபில்டர் எதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது.

"அப்ப நான் சொல்லிக் குடுத்த பேரா உன்ன மறைச்சுச்சு?"

அம்மா மடியில் இருந்த ஜெபமாலையை எடுத்துப் பைக்குள் வைத்து, பையை மூடினார். நான் சாலையைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.